ரத்தம் பொய் சொல்லுமா?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே 10, 12 கிலோமீட்டர் தூரம்தான். இங்கே பெண் எடுத்து அங்கே கொடுப்பது சர்வ சாதாரணம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பேர் போனது. ராஜபாளையம் வட்டாரமோ, முக்கியமாக சத்திரப்பட்டி, காயத்துக்குக் கட்டும் பாண்டேஜ் துணிக்குப் பேர் போனது. ஆனால் எத்தனை கஜம் துணி சுற்றினாலும் ஆறாத காயம் ஒன்று குடும்பங்களில் உண்டு. அதற்குச் சந்தேகம் என்று பெயர். இந்த வாரம் அதைப்பற்றித்தான் பேசப் போகிறேன், சகோதரிகளே.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ராஜபாளையத்துப் பெண் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டு, மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் செய்வதுபோல் அவளுக்கும் ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். சீட்டில் "வி.டி.ஆர்.எல்." என்பதற்கு நேரே "ரியாக்டிவ்" என்று இருக்கிறது. அடுத்த வீட்டுப் பையன் அதைப் படித்துவிட்டு, "என்ன மதினி, இது மேக வியாதிக்குப் பார்க்கிற டெஸ்டாச்சே!" என்கிறான். அவ்வளவுதான்! மாமியார் வாயடைத்துப் போகிறாள். புருஷன் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெண் பெட்டியுடன் பிறந்த வீட்டுக்குப் பஸ் ஏறுகிறாள். விஷயம் முற்றினால் அலையவும் வேண்டாம். மாவட்டக் கோர்ட்டே ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது!

அந்தச் சீட்டு உண்மையில் என்ன சொல்கிறது? அதை அறிய இரண்டு வியாதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது ஸிபிலிஸ். நம் பெரியவர்கள் கிரந்தி என்றும், மேகப்புண் என்றும் சொன்னது. 1905-ல் ஜெர்மனியில் ஷௌடின், ஹாஃப்மன் என்ற இருவர் கண்டுபிடித்த, திருகுபோல் சுருண்ட கிருமிதான் இதற்குக் காரணம். உடலுறவின் வழியாகவும், தாயிடமிருந்து சிசுவுக்கும் இது பரவும். நுழைந்த இடத்தில் சுமார் மூன்று வாரத்தில் வலியில்லாத ஒரு புண் வந்து, தானே ஆறிவிடும். ஆனால் கிருமி போவதில்லை. ரத்தத்தோடு உடம்பெங்கும் சவாரி செய்யும். பிறகு உள்ளங்கை, உள்ளங்கால்களில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண், திட்டுத் திட்டாக முடி உதிர்தல். அதுவும் அடங்கும். கவனிக்காமல் விட்டவர்களில் சிலருக்கு 10, 20, 30 வருஷம் கழித்து இருதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய் பழுதாகும். மூளையும் முதுகுத்தண்டும் கெடும். கண்ணையும் காதையும் எந்தக் கட்டத்திலும் பிடிக்கலாம்.

இரண்டாவது வியாதிக்கு லூபஸ் என்று பெயர். இதில் வெளியிலிருந்து யாரும் வருவதில்லை. வீட்டுக் காவல்காரனே வீட்டுக்காரரைத் திருடன் என்று அடித்தால் எப்படி இருக்கும்? கிருமிகளை எதிர்க்க வேண்டிய சக்தி, சொந்த உடம்பையே எதிர்க்கிறது. கன்னங்களில் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தது போல் சிவப்பு; விரல் மூட்டுகளில் வலி; ஓயாத களைப்பு; காய்ச்சல், வாய்ப்புண், முடி உதிர்தல். சிறுநீரகத்தைப் பிடித்தால் முகமும் காலும் வீங்கும், சிறுநீர் நுரைக்கும். இருதயத்தின் உறை, நுரையீரலின் உறை, மூளை, எதையும் விடுவதில்லை. இது ஒட்டுவாரொட்டி அல்ல. நடத்தைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நோயாளிகள் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள்; அதிலும் பெரும்பாலோர் பிள்ளை பெறும் வயதினர்.

காய்ச்சல், வாய்ப்புண், முடி உதிர்தல், மூளை, இருதயம் என்று இரண்டு ஜாபிதாக்களும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைக் கவனித்தீர்களா? வைத்தியர்கள் இரண்டுக்குமே "வேஷதாரி" என்று பட்டம் கொடுத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ரத்தப் பரிசோதனையிலும் ஒன்று மற்றொன்றின் வேஷத்தைப் போடுகிறது!

வி.டி.ஆர்.எல். சோதனை கிருமியைத் தேடுவதில்லை. கார்டியோலிபின் என்ற கொழுப்புச் சத்தை எதிர்க்கும் பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. 1941-ல் மேரி பாங்பார்ன் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி மாட்டின் இருதயத்திலிருந்து பிரித்தெடுத்த பொருள் அது. ஸிபிலிஸ் வந்தவர் ரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள் இருக்கும். லூபஸ் உள்ள பலர் ரத்தத்திலும் இருக்கும். மலேரியா, குஷ்டம், சில விஷ ஜுரங்கள் வந்தவர்களிடமும் இருக்கலாம். சில சமயம் கர்ப்பமே போதும். 1950-களில் பால்டிமோர் நகரத்தில் டாக்டர் மூர் முதலானோர், ஸிபிலிஸ் இல்லாமலே இச்சோதனையில் மாட்டிக்கொண்டவர்களை வருஷக்கணக்கில் கவனித்தார்கள். பலரும் பெண்கள். சிலருக்குப் பிற்பாடு லூபஸ் வெளிப்பட்டது. அவர்கள் நடத்தைமேல் விழுந்த பழி, வரப்போகும் வியாதியின் முன்னறிவிப்பாக இருந்திருக்கிறது!

ஆகையால், சீட்டில் "ரியாக்டிவ்" என்று வந்தால் முதல் காரியம் இரண்டாவது சோதனை. டி.பி.எச்.ஏ. என்று ஒன்று உண்டு. அது கிருமியையே குறிவைத்து உண்டான எதிர்ப்பொருளைப் பார்க்கிறது. அதற்காகக் கர்ப்பிணிக்கு வைத்தியத்தை ஒத்திப்போட வேண்டாம்; டாக்டர் ஊசி போடச் சொன்னால் உடனே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டாவது சோதனையும் "உண்டு" என்றால்? அப்போதும் தலையில் இடி விழுந்துவிடவில்லை. ஆரம்பக் கட்டத்தில் 24 லட்சம் யூனிட் பென்ஸாதைன் பென்ஸிலின் ஊசி ஒன்றே போதும். நாள்பட்டதென்றால் வாரம் ஒன்றாக மூன்று. காலத்தில் போட்டால் குழந்தையும் தப்பும். புருஷனும் சோதித்துக்கொள்ள வேண்டும். அநேக வீடுகளில் வியாதியைக் கொண்டு வந்தவர் அவராக இருக்க, ஏச்சுக் கேட்பவள் மனைவியாக இருக்கிறாள். முன்பே வந்து குணமானவர்களுக்கும் இந்த இரண்டாவது சோதனை பெரும்பாலும் ஆயுள் முழுவதும் "உண்டு" என்றே காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டாவது சோதனை "இல்லை" என்றால், "அப்பாடா!" என்று சீட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். சில மாதம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் முதல் சோதனை மாறவில்லையென்றால், அல்லது மூட்டுவலி, கன்னச் சிவப்பு, வெயில் பட்டால் தடிப்பு ஆகியவை இருந்தால், சிறுநீரையும் ஏ.என்.ஏ. என்ற சோதனையையும் பார்க்கச் சொல்லுங்கள். அடிக்கடி கரு கலைகிறவர்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும். இதே எதிர்ப்பொருள் சிலருக்கு ரத்தத்தை உறையச் செய்து கருவைக் கலைக்கும் என்பதை 1983-ல் லண்டன் டாக்டர் கிரஹாம் ஹியூஸ் எடுத்துக் காட்டினார். டாக்டர் மேற்பார்வையில் ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் எத்தனையோ தாய்மார்களின் மடியை நிறைத்திருக்கின்றன. "ராசியில்லாதவள்" என்று பெயர் வாங்கியவளுக்கு வேண்டியிருந்தது பரிகாரம் அல்ல, வைத்தியம்!

இதற்கெல்லாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது.

ரத்தம் பொய் சொல்வதில்லை, சகோதரிகளே. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது. அரைகுறையாகக் கேட்டுவிட்டு, கிடைத்த அரைப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை வாசல் தாண்ட வைப்பது நாம்தான். இனி உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ அப்படி ஒரு சீட்டு வந்தால், அதை அடுத்தவரிடம் காட்டாமல் டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள். மாமியாரே கூடப் போனால் இன்னும் விசேஷம்.