ஊதியமில்லாப் பயிற்சி: யாருக்குப் பயன்?

கோடை விடுமுறை வந்தால் நம் கல்லூரி மாணவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிய காலம் ஒன்று இருந்தது. இன்று அது 'இன்டர்ன்ஷிப்' தேடி அலையும் காலமாக மாறிவிட்டது. மதிப்பெண் பட்டியலோடு பயிற்சிச் சான்றிதழையும் கேட்கிறார்கள். ஆனால் பயிற்சி தரும் இடங்கள் பலவற்றில் ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதில்லை. இது சரிதானா?

பயிற்சியால் நன்மை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. நம் பங்குகளிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் பலர் தங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அலுவலகத்தில் எப்படிப் பேசுவது, பாடத்தில் படித்த இயந்திரம் உண்மையில் எப்படி ஓடுகிறது என்பதை வீட்டில் சொல்லித்தர ஆளில்லை. தவறைப் பொறுமையோடு திருத்தும் ஒருவர் அருகில் இருந்தால், இரண்டு மாதப் பயிற்சி ஒரு பருவப் பாடத்தைவிட அதிகம் கற்றுத்தரும்.

ஆனால் செலவைச் சுமப்பவர் யார்? முக்கூடலில் பீடி சுற்றும் தாயின் மகளுக்குச் சென்னையில் பயிற்சி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விடுதி வாடகை, சாப்பாடு, பேருந்துக் கட்டணம் எல்லாம் கடன்தான். விடுமுறையில் ஜவுளிக்கடைக்குப் போய் ஈட்டும் சிறு வருமானமும் போய்விடும். வசதியுள்ள மாணவி செல்வாள், இவள் தங்கிவிடுவாள். திறமையில் இருவரும் சமம். ஆனால் சான்றிதழ் ஒருத்தியிடம் மட்டுமே இருக்கும்.

இது நம் ஊரின் பிரச்சனை மட்டுமன்று. 2015இல் ஜெனீவாவில் ஐ.நா. நிறுவனத்தில் ஊதியமின்றிப் பயிற்சி பெற்ற இளைஞர் ஒருவர் கூடாரத்தில் தங்கிய செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் தன் பயிற்சியாளர்களுக்கு உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. நம் நாட்டில் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் பழகுநருக்கு உதவித்தொகையைக் கட்டாயமாக்கியது. ஆனால் இன்டர்ன்ஷிப் செல்லும் கல்லூரி மாணவர்கள் பெரும்பாலும் அச்சட்டத்திற்கு வெளியே நிற்கின்றனர். 2024இல் நடுவண் அரசு மாதம் 5,000 ரூபாயுடன் பயிற்சித் திட்டம் ஒன்றை அறிவித்தபோதும், முழுநேரம் படிப்போர் அதில் சேர்க்கப்படவில்லை.

கல்வி நகரான பாளையங்கோட்டையையே பார்ப்போம். அரசு மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவருக்கு மாத உதவித்தொகை உண்டு. பி.எட். மாணவருக்கோ பொதுவாக அது இல்லை. ஈராண்டு பி.எட். படிப்பில் 20 வாரங்கள் பள்ளியில் பயிற்சி பெற வேண்டும் என்று 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் வகுத்தன. வழிகாட்டி ஆசிரியர் கடைசி பெஞ்சில் அமர்ந்து கவனித்து, குறிப்பெழுதித் திருத்தினால் அது கல்வி. காலியிடத்தை நிரப்ப நாள் முழுவதும் வகுப்பெடுக்கச் சொன்னால் அது வேலை. வேலைக்குக் கூலி உண்டு.

1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ தம் 'ரேரும் நொவாரும்' சுற்றுமடலில், நேர்மையான ஊதியம் வெறும் ஒப்பந்த விவகாரமல்ல, நீதியின் கடமை என்று கற்பித்தார். 2025இல் பொறுப்பேற்ற திருத்தந்தை 14ஆம் லியோ, தம் பெயரைத் தேர்ந்ததற்கு அச்சுற்றுமடலையும் காரணமாகக் கூறினார். எனவே இக்கேள்வி முதலில் நம் பள்ளிகளையும், மருத்துவமனைகளையும், சமூகப்பணி மையங்களையும் நோக்கியே எழுகிறது.

நம்மால் ஆகக்கூடியவை சிலவே, ஆனால் கடினமானவை அல்ல. பயிற்சிக்கு வருபவருக்குப் பேருந்துக் கட்டணமும் மதிய உணவும் தரலாம். ஒரு வழிகாட்டியை நியமிக்கலாம். காலிப் பணியிடத்தில் அவரை அமர்த்தாதிருக்கலாம். சென்னையில் குடியேறிய நம் பங்கு மக்கள், ஊரிலிருந்து வரும் மாணவிக்கு இரண்டு மாதம் ஓர் அறை கொடுக்கலாம். கங்கைகொண்டான் சிப்காட் ஆலைகளில் பயிற்சி இடம் உண்டா என்று இளைஞர் இயக்கத்தினர் விசாரித்துச் சொல்லலாம்.

பயிற்சியில் சேரும் பிள்ளையிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: "அங்கே உனக்குக் கற்றுத்தருகிறார்களா, உன்னிடம் வேலை மட்டும் வாங்குகிறார்களா?" அதற்கு வரும் பதிலைப் பொறுத்தே பெற்றோரும் பங்கும் முடிவெடுப்பது நல்லது.