டாக்டராகப் போகிற பிள்ளைக்கு அணிவகுப்பு எதற்கு?

நான்கு ஆண்டுகளுக்கு முன் பால்மரத் தொழிலாளி ஒருவர் நம்மிடம் வந்தார். மூத்த மகள் ஆறாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தாள். "டாக்டருக்குப் படிக்கப் போகிற பிள்ளைக்கு அணிவகுப்பும் பந்தாட்டமும் எதற்கு ஐயா? புதன்கிழமை ஆனால் பொழுது சாய்ந்துதான் வீடு வருகிறது" என்றார். மாலை நடவடிக்கைகளிலிருந்து அவளை விலக்கும்படி தலைமையாசிரியருக்கு மலாய் மொழியில் ஒரு கடிதம் கேட்டார். நாமும் அதை நியாயமென்றே எண்ணி, பணிவான நடையில் எழுதிக் கொடுத்தோம். அது பிழை. அந்தப் பிழையை ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறோம்.

அந்தப் பெண் எஸ்.டி.பி.எம். தேர்வில் 4.00 வாங்கினாள். தோட்டமே கொண்டாடியது. ஆனால் மருத்துவத்துக்கு இடம் கிடைக்கவில்லை. வேறு துறைக்கு அழைப்பு வந்தது, போய்ப் படிக்கிறாள். நம் கடிதந்தான் காரணமென்று அறுதியிட்டுச் சொல்ல எவராலும் முடியாது. ஆயினும் கணக்கில் தேர்ந்த கிராணிமார்கள் நம் வாசகர்களில் பலர் உண்டு. கணக்கை அவர்கள் முன்னே வைக்கிறோம்.

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கொடுப்பதற்குப் பார்க்கும் நூறு புள்ளிகளில் தேர்வுக்கு 90, புறப்பாட நடவடிக்கைக்கு 10. ஒரு பிள்ளை 4.00 வாங்கினால் தேர்வுப் புள்ளி முழுதாக 90. புறப்பாடத்தில் 5 வாங்கினால் மொத்தம் 95. இன்னொரு பிள்ளை நான்கு பாடங்களில் ஒன்றில் மட்டும் 'ஏ'க்குப் பதிலாக 'ஏ மைனஸ்' வாங்குகிறது, அதற்கு 3.92. புள்ளியாக்கினால் 88.2. அதுவே புறப்பாடத்தில் 9 வாங்கியிருந்தால் மொத்தம் 97.2. முந்துவது யார்? மருத்துவத்துக்கு மனுச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் 4.00-ஐ ஒட்டி நிற்பவர்களே. அந்தக் கூட்டத்தில் ஒருவரை ஒருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது அந்தப் பத்துப் புள்ளிதான். அதற்கு மேல் நேர்முகத் தேர்வும் உண்டு. நாலு பேர் முன்னே நின்று பேசிப் பழகாத பிள்ளை அங்கே என்ன செய்யும்?

அப்படியானால் படிப்பு இலேசா என்றால், அதுவும் இல்லை. 2012-க்கு முன் எல்லாவற்றுக்கும் இறுதியில் ஒரே தேர்வு. இப்பொழுது மூன்று தவணை, மூன்று தேர்வு. உயிரியல், இரசாயனம், அவற்றோடு கணிதமோ பௌதிகமோ, பொதுப்பாடம், வெளியே மூவெட் ஆங்கிலத் தேர்வு. செய்முறைப் பரிசோதனை, பள்ளியில் செய்து கொடுக்கும் பணி ஆகியவற்றுக்கும் புள்ளி உண்டு. புதுப் பள்ளிச் சட்டை பழசாகுமுன் முதல் தவணைத் தேர்வு வந்துவிடும். முதலிரண்டு தவணைகளில் சறுக்கினால் மறுபடி எழுதலாம். ஆனால் அந்தச் சுமை மூன்றாம் தவணையின் தலைமேல் ஏறும்.

வேறு வழி இல்லையா? மெட்ரிகுலேஷன் ஓராண்டில் முடியும். ஆனால் அங்கே பத்தில் ஒன்பது இடம் பூமிபுத்ராக்களுக்கு ஒதுக்கியது. 10 ஏ எடுத்தால் எந்த இனத்துப் பிள்ளைக்கும் இடம் உண்டென்று 2024-இல் பிரதமர் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் எஸ்.பி.எம். தேர்வில் பத்துப் பாடம் எழுதி, பத்திலும் ஏ எடுக்கும் தோட்டப் பிள்ளைகள் எத்தனை பேர்? தனியார் கல்லூரிக் கட்டணமோ நம் சம்பளத்துக்கு எட்டாது. ஆகவே நம்மவரில் பெரும்பாலோருக்கு ஆறாம் படிவமே வழி.

இனி, பிள்ளையின் நேரம் எங்கே போகிறது என்று பார்ப்போம். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக இறங்கும். ஆகையால் தாயும் தகப்பனும் இருட்டோடு நிரைக்குப் போகிறார்கள். பால் நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பும்வரை அடுப்பு, தம்பி தங்கை, துணி எல்லாம் பெண் பிள்ளையின் தலையில். பெரும்பாலும் டாக்டராக ஆசைப்படுகிறவளும் அவள்தான். அண்ணனோ திடலில் பந்து உதைத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குச் சோறு வடிக்கத் தெரிந்தால் கௌரவம் குறைந்துவிடாது. நாம் அன்று விலக்குக் கேட்டிருக்க வேண்டியது பள்ளியிடமல்ல, அந்த அடுப்பிடம். பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களிலும் இந்த ஒன்று மாறியதாகத் தெரியவில்லை.

இதற்காக எல்லாப் போட்டிக்கும் ஓடு என்று பிள்ளையிடம் சொல்லவில்லை. ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள், கைநிறையச் சான்றிதழ், தவணைத் தேர்வில் 'பி'. சீருடை இயக்கம், மன்றம், விளையாட்டு என்று மூன்று பிரிவு. எல்லாவற்றிலும் வருகை தவறாமல் இருந்து, ஒன்றில் மட்டும் ஊன்றி நிற்கட்டும். அதில் ஒரு பொறுப்பு ஏற்கட்டும். பள்ளி அளவைவிட மாவட்ட அளவுக்கும், அதைவிட மாநில அளவுக்கும் புள்ளி அதிகம். செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸோ செம்பிறைச் சங்கமோ பள்ளியில் இருந்தால் டாக்டராகப் போகிறவளுக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. காயத்துக்குக் கட்டுப் போடக் கற்றுக்கொள்வது படிப்புக்கு எப்படி இடைஞ்சலாகும்? சான்றிதழ்களை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைக்காமல் ஒரு கோப்பில் அடுக்கிவைக்கக் கிராணிமார்கள் உதவலாம்.

எல்லாம் சரி; மாலை ஐந்து மணிக்கு அந்தப் பிள்ளை வீடு வருவதெப்படி? பள்ளி வேன் இரண்டு மணிக்கே தோட்டத்துக்குத் திரும்பிவிடுகிறது. பெரிய சாலையிலிருந்து தோட்டத்துக்குள் ஆறு கிலோமீட்டர் செம்மண் பாதை. தனியாக நடக்கச் சொல்ல எந்தத் தாய்க்கு மனம் வரும்? அந்தத் தகப்பனார் கடிதம் கேட்டதற்கு உண்மைக் காரணம் இதுவாகவும் இருக்கலாம். அன்று நாம் கேட்கவில்லை.

இந்த ஆண்டு அவர் மறுபடி வந்தார். இளைய மகள் ஆறாம் படிவம் ஏறியிருக்கிறாள். அவளுக்கும் அதே ஆசை. "பழைய கடிதம் வேண்டாம் ஐயா" என்றார். இம்முறை எழுதியது தோட்ட நிர்வாகத்துக்கு. புதன்கிழமை மட்டும் மாலை ஐந்தரைக்குத் தோட்டத்து வேனைச் சாலைமுனைக்கு அனுப்ப வேண்டும். எண்ணெய்ச் செலவில் பாதியைப் பெற்றோர் கொடுப்பார்கள். ஏழு குடும்பங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. கிளைத் தலைவர் கொண்டுபோய்க் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. மானேஜரிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை நேரில் போகிறோம்.