சின்ன ஊரு ஃபைனலை யாரு பார்ப்பா?

2025 ஜூன் 23, திங்கட்கிழமை. நம்ம நேரப்படி விடிகாலை 5.30 மணிக்கு என்.பி.ஏ. ஃபைனல்ஸோட ஏழாவது மேட்ச் ஆரம்பிச்சுது. அந்த நேரத்துல போடியில முழிச்சிருந்தவங்கன்னு பார்த்தா ரெண்டு கூட்டம்தான். ஒண்ணு, ஏலத்தோட்ட வேலைக்குப் போடிமெட்டு ஏற ஜீப்புக்குக் காத்திருக்கிறவங்க. இன்னொண்ணு, போர்வைக்குள்ள ஃபோனை ஒளிச்சு வெச்சுக்கிட்டு ஓக்லஹோமா சிட்டி தண்டர் - இந்தியானா பேசர்ஸ் மேட்ச் பார்த்த நீங்க.

தண்டர் 103-91-ன்னு ஜெயிச்சுது. ஆனா அந்த சீரிஸ் ஓடும்போதே அமெரிக்காவுல பேச்சு வேற மாதிரி இருந்துச்சு: "ரெண்டும் சின்ன ஊரு டீம், யாரு பார்ப்பா?" கணக்கும் அதுக்கு ஒத்து ஊதுச்சு. சீரிஸ் சராசரி சுமார் 1.03 கோடிப் பேர். அதுக்கு முந்தின வருஷம் பாஸ்டன் - டல்லாஸ் ஆடினப்போ 1.13 கோடி. 1998-ல மைக்கேல் ஜோர்டான் சிகாகோவுக்காக ஆடின கடைசி ஆட்டத்தை மட்டும் 3.59 கோடிப் பேர் பார்த்தாங்க. "கூடைப்பந்து செத்துப் போச்சு"ன்னு எழுதுறவங்க எல்லாரும் தூக்கிப் பிடிக்கிறது இந்த 1998-ஐத்தான்.

இந்த எண்ணை அப்படியே முழுங்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். நம்ம ஊருல ஸ்பைசஸ் போர்டு ஏலம் நடக்குது இல்லையா, அதுல ரெண்டு விலை சொல்லுவாங்க: அதிகபட்ச விலை, சராசரி விலை. டீக்கடையில பேசுறது அதிகபட்சத்தை. விவசாயி பாஸ்புக்குல விழுறது சராசரிக்குப் பக்கத்துல ஏதோ ஒண்ணு. டிவி கணக்கும் இதே கதைதான். அமெரிக்காவுல நீல்சன் சொல்றது ஒரு நிமிஷத்துக்குச் சராசரியா எத்தனை பேர் பார்த்தாங்கங்கிறது. நம்ம ஊரு ஆப்கள் பெருமையா போடுறது ஒரே நேரத்துல உச்சமா எத்தனை பேர் இருந்தாங்கங்கிறது. 2023 ஐ.பி.எல். ஃபைனலுக்கு ஜியோசினிமா காட்டின 3.2 கோடி அந்த உச்சக் கணக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு "பாரு, கிரிக்கெட் எங்க, கூடைப்பந்து எங்க"ன்னு வாட்ஸ்அப்புல போடுறவங்களுக்கு மெஷர்மென்ட்ஸ் லேப்ல மறுபடி ரெக்கார்டு எழுத வைக்கணும்.

மைதானத்துக்கு வந்த கூட்டத்தை எண்ணினா உண்மை தெரியுமா? அதுவும் தெரியாது. என்.பி.ஏ. அரங்குகள்ல 18,000, 20,000 பேர்தான் உட்கார முடியும். ஃபைனல்ஸ்னா எந்த வருஷமும் ஃபுல். கூடவும் முடியாது, குறையவும் குறையாது. 1988-ல டெட்ராய்ட் டீம் பான்டியாக் சில்வர்டோம்ங்கிற ஃபுட்பால் ஸ்டேடியத்துல ஆடினதால 41,732 பேர் வந்தாங்க. அது கூரையோட அளவு, ஆட்டத்தோட அளவு இல்ல. 2020-ல கொரோனாவால ரசிகர்களே இல்லாம ஆர்லாண்டோவுல ஆடினாங்க, டிவியிலயும் சராசரி சுமார் 75 லட்சம்தான். அதனால லெப்ரான் ஜேம்ஸ் ஜெயிச்ச கோப்பை பாதிக் கோப்பை ஆயிடுமா?

இன்னும் நல்ல உதாரணம் 1980. மேஜிக் ஜான்சன், வயசு 20, காயம்பட்ட கரீமுக்குப் பதிலா சென்டர்ல இறங்கி 42 பாயின்ட் அடிச்சு கோப்பையை வாங்கின ராத்திரி. சி.பி.எஸ். சேனல் அதைப் பெரும்பாலான ஊர்கள்ல நேரடியா காட்டவே இல்ல. ராத்திரி 11.30-க்கு மேல பதிவு போட்டுச்சு. டிவிக்காரன் வேண்டாம்னு ஒதுக்கின ஆட்டத்தைத்தான் இன்னிக்கும் எல்லாரும் பேசுறாங்க.

சரி, "சின்ன ஊரு"க்கு வருவோம். ஓக்லஹோமா சிட்டி நகர எல்லைக்குள்ள 2020 கணக்குப்படி 7 லட்சம் பேர்கூட இல்ல. நம்ம தேனி மாவட்டத்துல 2011-லயே 12 லட்சத்துக்கு மேல. அவங்க ஊரு சின்னதுன்னா நாம என்ன, பஞ்சாயத்தா?

இந்த மாவட்டத்துக்குன்னு ஒரு ஃபைனல் இருக்கு. போடியில இருந்து தேனி வழியா சுமார் 30 கிலோமீட்டர், பெரியகுளம். அங்க சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் ஒவ்வொரு மே மாசமும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்துது. 60 வருஷத்துக்கும் மேலான போட்டி. இந்தியக் கடற்படை, விமானப்படை, இந்தியன் வங்கி, கேரள மின்வாரியம் மாதிரி டீம்கள் வந்து ஆடின இடம். மின்னொளியில ராத்திரி மேட்ச். நீங்க ரீல்ஸ்ல பார்த்து வாயைப் பிளக்கிற டங்க்கை, வேர்வை தெறிக்கிற தூரத்துல பார்க்கலாம். ஷூ கிறீச்சிடுற சத்தம், பெஞ்சுல கோச் திட்டுறது, ரெஃப்ரிகிட்ட ஊர்ப் பெரியவர் நியாயம் கேக்குறது எல்லாம் சேர்த்து.

அதுக்குப் பக்கத்துல இதை வெச்சுப் பாருங்க. 2015-ல யு.பி.ஏ.ன்னு ஒரு புரொஃபஷனல் லீக் வந்துச்சு. டிவி ஒளிபரப்பு, கலர் கலரா ஜெர்சி, சென்னை ஸ்லாம்னு நமக்கும் ஒரு டீம். 2017-க்கு அப்புறம் ஆளைக் காணோம். டிவியை நம்பி வந்த லீக் போயிடுச்சு. டிவியே எட்டிப் பார்க்காத பெரியகுளம் நிக்குது. ஏன்னு கேட்டா என் பதில் ஒண்ணுதான்: அங்க பார்க்க வர்றவங்க அந்த ஊருக்காரங்க. தாத்தா கூட்டிட்டு வந்த பையன் இப்ப தன் பொண்ணைக் கூட்டிட்டு வர்றான். இந்தக் கூட்டத்தை எண்ண நீல்சனும் கிடையாது, சில பத்தாயிரம் வீட்டுல மீட்டர் மாட்டி நாடு முழுக்கக் கணக்குச் சொல்ற பார்க்கும் கிடையாது.

"டிவியில வராட்டி என்ன, நல்லாத்தானே போகுது"ன்னு நீங்க சொல்லலாம். நான் அப்படி விட மாட்டேன். இங்க ஆடுற பல பேருக்கு ஆட்டம்தான் வேலைக்கு வழி. வங்கி, ரயில்வே, போலீஸ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா. கல்லூரி டீம்ல இருந்து மேல போக நினைக்கிற பையனுக்கோ பொண்ணுக்கோ தன் ஆட்டத்தைக் காட்ட ஒழுங்கான வீடியோ இல்ல, ஷூட்டிங் சதவீதம் இல்ல, ரீபவுண்ட் கணக்கு இல்ல. ஸ்கோர் மட்டும் மறுநாள் பேப்பர்ல நாலு வரி. அமெரிக்காவுல 1.03 கோடி குறைச்சல்னு அழறாங்க, இங்க எண்ணவே ஆள் இல்ல.

இதைச் செய்ய நமக்கு என்ன குறைச்சல்? ரெண்டு ட்ரைபாட், ரெண்டு ஃபோன், ஒரு லேப்டாப், ஓப்பன் சோர்ஸ் ஓ.பி.எஸ். போதும், லைவ் போடலாம். ஸ்கோர்போர்டு ஓவர்லே ரெண்டாம் வருஷப் பசங்களுக்கு ஒரு வார வேலை. பாக்ஸ் ஸ்கோர் எழுத நாலு பேர். கமென்ட்ரி நம்ம ஊரு தமிழ்லயே. நடத்துறவங்ககிட்ட முதல்ல அனுமதி கேக்கணும், அது முக்கியம்.

சிக்கல் ரெண்டு இருக்கு. மே மாசம் செமஸ்டர் தேர்வு குறுக்கே வரும், அதுக்கு வழி இல்ல. முடிஞ்ச நாள்ல போறதுதான். ரெண்டாவது ராத்திரி. மேட்ச் முடிஞ்சு தேனி மாறி போடி வந்து சேர்றது பையன்களுக்கே பாடு. லேடீஸ் ஹாஸ்டல் கேட்டு எத்தனை மணிக்குப் பூட்டுவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். நம்ம பொண்ணுங்க டீம்ல ஆடுறவங்களே ஒரு பெரிய ஃபைனலை நேர்ல பார்க்காம டிகிரி வாங்கிட்டுப் போறாங்க. அதனால ஃபைனல் அன்னிக்கு ஒரே ஒரு ராத்திரி காலேஜ் பஸ், கூட ரெண்டு மேடம், டீசல் காசை நாமளே பிரிச்சுக்கலாம். பிசிக்கல் டைரக்டர் சார்கிட்ட கொடுக்க லெட்டர் தயார். ஒரு பஸ்ஸுக்கு 50 பேர் கையெழுத்து வேணும், இதுவரைக்கும் 17 பேர் போட்டிருக்காங்க.