எடுத்த புள்ளியும் தடுத்த புள்ளியும்



உங்கள் பள்ளிக் கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு இடங்கள் நிரம்பிவிட்டன. 'சென்டர்' இடம் மட்டும் பாக்கி. அதற்கு இரண்டு பேர் போட்டி போடுகிறார்கள்.

ஒருவன் கைக்குப் பந்து வந்தால் போதும், கூடையில் போட்டுவிடுவான். ஆனால், எதிரணி பந்தோடு ஓடி வரும்போது இடுப்பில் கை வைத்து நின்றுவிடுவான். இன்னொருவன் அதிகம் புள்ளி எடுப்பதில்லை. ஆனால், வளையத்துக்குக் கீழே அவன் நின்றால், உள்ளே வரவே எதிரணி யோசிக்கும்.

நீங்கள் பி.டி. மாஸ்டராக இருந்தால் யாரைச் சேர்ப்பீர்கள்? மாணவிகள் அணிக்கும் இதே கேள்விதான்.

"இதிலென்ன சந்தேகம்? புள்ளி எடுப்பவனைத்தான்!" என்று உங்களில் பலர் சொல்வீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

நம் அணி 40 புள்ளி எடுத்தது. எதிரணி 42 எடுத்தது. நாம் தோற்றுவிட்டோம். இன்னும் இரண்டு கூடை போட்டிருந்தால் 44 ஆகியிருக்கும், வென்றிருப்போம். சரி, எதிரணியின் இரண்டு கூடைகளைத் தடுத்திருந்தால்? அவர்களுக்கு 38-தான். அப்போதும் வென்றிருப்போம். எடுத்த புள்ளிக்கும் தடுத்த புள்ளிக்கும் மதிப்பு ஒன்றுதான். ஆனால், கைதட்டல் மட்டும் எடுத்தவனுக்கே போகிறது. ஏன் தெரியுமா? எடுத்த புள்ளி பலகையில் ஏறுகிறது. தடுத்த புள்ளியை யாரும் எழுதி வைப்பதில்லை.

அதிலும் சென்டர் நிற்கும் இடம் முக்கியமானது. வளையம் பத்து அடி உயரத்தில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் வந்து போடும் பந்துதான் சுலபமாக உள்ளே விழும். அந்த வாசலில் காவல் நிற்பவர்தான் சென்டர். மற்ற நால்வரில் ஒருவர் ஏமாந்தாலும் பின்னால் சென்டர் இருக்கிறார். சென்டரே ஏமாந்தால் அவருக்குப் பின்னால் வளையம்தான் இருக்கிறது!

நம் திருச்சி உறையூருக்குக் 'கோழியூர்' என்று ஒரு பழைய பெயர் உண்டு. இந்த மண்ணில் ஒரு கோழி, யானையையே எதிர்த்து நின்று விரட்டியது என்பது கதை. பஞ்சவர்ணசுவாமி கோயிலில் அதற்குச் சிற்பமும் இருக்கிறது. கூடைப்பந்திலும் இப்படி ஒரு யானையும் கோழியும் இருந்தார்கள்.

யானை, அமெரிக்காவின் வில்ட் சேம்பர்லெயின். உயரம் ஏழு அடி ஒரு அங்குலம். 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தவர்! அந்த சீசன் முழுவதும் ஆட்டத்துக்குச் சராசரியாக 50 புள்ளிக்கு மேல் எடுத்தார். அவரைவிடச் சில அங்குலம் குட்டையானவர், பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பில் ரசல். அவருடைய வாழ்நாள் சராசரி 15 புள்ளிதான். இருவருமே சென்டர்கள்.

சேம்பர்லெயின் 100 புள்ளி எடுத்த அதே சீசனில் கோப்பையை வென்றது யார்? ரசலின் அணி! வீரர்களே வாக்களித்து, சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்ததும் ரசலைத்தான். அவர் ஆடியது 13 சீசன்கள். அவற்றில் 11 முறை அவருடைய அணிக்கே கோப்பை.

ரசல் பந்தைத் தடுக்கும் விதமே தனி. கைதட்டலுக்காகப் பார்வையாளர் பக்கம் ஓங்கி அடித்து அனுப்பமாட்டார். தன் அணிக்காரர் கைக்குப் போகும்படி மெதுவாகத் தட்டிவிடுவார். தடுத்த பந்து அடுத்த நொடியே தாக்குதலாக மாறிவிடும். ஆனால், அவர் தடுத்த பந்துகள் எத்தனை என்று கேட்டால் சரியான கணக்கு கிடையாது. என்.பி.ஏ. அந்தக் கணக்கை எழுதத் தொடங்கியதே 1973-இல் ஆரம்பித்த சீசனிலிருந்துதான். ரசல் 1969-லேயே ஓய்வு பெற்றுவிட்டார்.

அப்படியானால் புள்ளி எடுப்பது வீணா? இல்லவே இல்லை. சேம்பர்லெயின் கதை இன்னும் முடியவில்லை. 1966-67 சீசனில் தானே கூடை போடுவதைக் குறைத்து, நண்பர்களுக்குப் பந்து கொடுத்து ஆடினார். அவருடைய சராசரி 33-இலிருந்து 24 ஆக இறங்கியது. ஆனால், பிலடெல்பியா அணி 81 ஆட்டங்களில் 68-இல் வென்று, கோப்பையையும் தட்டிச் சென்றது. திறமை அதேதான். அணிக்கு எது தேவை என்று பார்த்து அதைச் செலவழித்தார், அவ்வளவுதான்!

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. 2014 ஜூலையில் சீனாவின் வூஹான் நகரில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில், இந்திய ஆண்கள் அணி முதன்முறையாகச் சீனாவைத் தோற்கடித்தது. 65-க்கு 58. இந்த அளவு ஆட்டத்தில் 65 ஒன்றும் பெரிய எண்ணிக்கை இல்லை. சீனாவை அவர்களின் சொந்த மண்ணிலேயே 58-இல் நிறுத்தினார்களே, அதுதான் வெற்றி.

இப்போது அந்தக் காலி இடத்துக்கு வருவோம். முதலில் மற்ற நால்வரையும் பாருங்கள். அவர்களில் இரண்டு மூன்று பேர் நன்றாகக் கூடை போடுவார்கள் என்றால், சென்டருக்குத் தடுப்பவனே சரி. நால்வருக்கும் கூடை போடுவது கஷ்டம் என்றால், புள்ளி எடுப்பவன் வேண்டும். அவனுக்குத் தடுக்கவும் பழக்கித் தர வேண்டும். பந்து யார் கையிலும் நிற்காமல் ஓடுவதற்குப் பதில், ஒருவனையே எல்லோரும் எதிர்பார்த்து நிற்கும் நிலையும் வரக்கூடாது.

இன்னும் சந்தேகமா? ஒரு நோட்டு எடுங்கள். ஒருவன் களத்தில் இருந்த நேரத்தில் நம் அணி எடுத்த புள்ளி எவ்வளவு, எதிரணி எடுத்த புள்ளி எவ்வளவு என்று இரண்டையும் எழுதுங்கள். நாம் 14, அவர்கள் 8 என்றால் அவனுக்குக் கூட்டல் 6. நாம் 20, அவர்கள் 24 என்றால் கழித்தல் 4. ஒரே ஆட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐந்தாறு ஆட்டம் எழுதுங்கள். யாரும் கவனிக்காத ஒருவனின் பெயர் மேலே வரலாம்.

பெரியவர்களே அவசரத்தில் பலகையை மட்டும் பார்த்து, தடுக்கும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவது உண்டு. அந்தப் பிள்ளை பிறகு பந்தைத் தொடாமலே போய்விடலாம். அது அணிக்கும் நஷ்டம்.

அதனால், அடுத்த முறை மைதானத்தின் ஓரத்தில் நிற்கும்போது பந்தை மட்டும் பார்க்காதீர்கள். வளையத்துக்குக் கீழே, கைகளை உயர்த்திக்கொண்டு வியர்வையோடு நிற்பவரையும் பாருங்கள். பந்தைத் தடுத்ததும் பலமாக ஒரு கைதட்டல் கொடுங்கள். செய்வீர்கள்தானே?