உட்கார ஒரு ஸ்டூல்

தீபாவளி நெருங்குகிறது. தி.நகர் ரங்கநாதன் தெருவிலும் மதுரை விளக்குத்தூண் பக்கமும் கோவை ஒப்பணக்கார வீதியிலும் கூட்டம் தோளோடு தோள் உரசத் தொடங்கிவிட்டது. ஜவுளிக்கடைகளில் இந்த மாதம் லீவு கேட்க முடியாது. கடை திறக்கும் முன்னே வந்து நிற்பவர்கள் ராத்திரி ஷட்டர் இறங்கும்வரை நிற்கிறார்கள். நாம் புடவையைப் பார்க்கிறோம், பார்டரைப் பார்க்கிறோம், விலைச்சீட்டைப் பார்க்கிறோம். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் கால்கள் நம் கண்ணில் படுவதில்லை. இந்த வாரம் அந்தக் கால்களைப் பற்றி எழுத வேண்டும்.

போன தீபாவளிக்கு ஒரு பெரிய கடையில் புடவை எடுத்துப்போட்ட பெண், ஒரு காலால் இன்னொரு காலின் பின்புறத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "உட்காரும்மா, நான் மெதுவாத்தான் பார்ப்பேன்" என்றேன். "உட்கார்ந்தா கேமராவுல தெரியும்க்கா, சூப்பர்வைசர் வந்துருவாரு" என்றாள். தென்காசிப் பக்கம் ஒரு கிராமம். கொஞ்சம் பேச்சு கொடுத்ததும் அவளே சொன்னாள்: "ஊர்ல நடவு, களையெடுப்புன்னு நாள் முழுக்க வயல்லதான் கிடப்போம். அப்பல்லாம் கால் இப்படி உளைஞ்சதே இல்ல. இங்க ஒரே இடத்துல நிக்கிறதுக்கு ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குதுக்கா."

அவள் சொன்னது மருத்துவம் சொல்வதும்தான். இதயம் அனுப்பும் இரத்தம் காலுக்கு இறங்கிவிடும்; திரும்பி ஏறுவதுதான் பெரும்பாடு. பாதத்திலிருந்து நெஞ்சுவரை நாலடி உயரம் அது ஏற வேண்டும். ஏற்றிவிடுவது கெண்டைக்கால் சதை. ஒவ்வோர் அடி எடுத்துவைக்கும்போதும் அந்தச் சதை இறுகி, உள்ளே ஓடும் சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளியது கீழே வழியாமலிருக்கச் சிரைக்குள் சிறு வால்வுகள் உண்டு. மேல்நோக்கி மட்டும் திறக்கும் கதவுகள் அவை. 1603இல் இத்தாலியின் பதுவா நகரில் ஃபப்ரீசியஸ் என்ற உடற்கூறியல் ஆசிரியர் அந்த வால்வுகளை விவரித்து நூல் வெளியிட்டார். அவை எதற்காக இருக்கின்றன என்பதை 1628இல் விளக்கியவர் அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி.

அசையாமல் நிற்கும்போது பாதத்துச் சிரைகளில் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு இருக்கும். வால்வுகள் நன்றாக இருப்பவர் சில அடிகள் நடந்தாலே அது 30க்கு அருகில் இறங்கிவிடும். வயலில் அந்தப் பெண் ஒவ்வொரு நாற்றுக்கும் ஓர் அடி நகர்ந்தாள். சதை வேலை செய்தது. கவுன்ட்டருக்குப் பின்னால் அவளுடைய கெண்டைக்காலுக்கு வேலையே இல்லை. மணிக்கணக்காக அந்த அழுத்தம் இறங்காமல் நின்றால் சிரையின் சுவர் விரிகிறது. சுவர் விரிந்தால் வால்வின் இரு இதழ்களும் ஒன்றையொன்று தொட முடிவதில்லை. இரத்தம் கீழே வழிகிறது, கீழேயுள்ள சிரை இன்னும் விரிகிறது, அடுத்த வால்வும் கெடுகிறது. தோலுக்கடியில் நீலமாகப் புடைத்து, வளைந்து நெளிந்து தெரியும் வெரிகோஸ் வெயின் இப்படித்தான் உருவாகிறது. நரம்பு சுருண்டுவிட்டது என்று நாம் பேச்சில் சொன்னாலும் கெட்டுப்போயிருப்பது இரத்தக்குழாய். நரம்புக்கென்று வாங்கி விழுங்கும் சத்து மாத்திரைகளால் இதற்குப் பயனில்லை.

நிற்கிற எல்லோருக்கும் இது வருவதில்லை. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்தால் பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு அதிகம். வயது ஏற ஏறக் கூடும். கர்ப்ப காலத்தில் உடலில் இரத்தத்தின் அளவு பெருகுகிறது, ஹார்மோன்கள் சிரைச் சுவரைத் தளர்த்துகின்றன, வளரும் கருப்பை இடுப்புக்குள் போகும் சிரைகளை அழுத்துகிறது. ஒவ்வொரு பிள்ளைப்பேறும் கொஞ்சம் சுமையைச் சேர்க்கிறது. உடல் எடையும், முன்பு எப்போதோ காலின் ஆழ்சிரையில் கட்டிய இரத்தக்கட்டியும் காரணங்கள். பிறவியிலேயே பலவீனமான சிரை உள்ளவரைப் பத்து மணி நேரம் ஒரே இடத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. பெரும்பகுதி நேரம் நின்றே வேலை பார்ப்பவர்கள் இந்த நோய்க்காக மருத்துவமனையில் சேர்வது மற்றவர்களைவிட அதிகம் என்று டென்மார்க்கில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பெண்களின் நோய் என்று இதை ஒதுக்கிவைப்பதும் தவறு. எடின்பரோ நகரத்து மக்களிடையே நடந்து 1999இல் வெளியான ஆய்வில், பெரிய சிரைகள் புடைத்திருந்தவர்கள் ஆண்களில் 40 சதவீதம், பெண்களில் 32 சதவீதம். வேட்டியும் பேன்ட்டும் மறைத்துவிடுகின்றன, அவ்வளவுதான். பரோட்டா மாஸ்டர், சலூன்காரர், இஸ்திரி போடுபவர், போக்குவரத்துக் காவலர், வாத்தியார், நர்ஸ் என்று நின்றே பிழைக்கிற எவருடைய காலையும் ஒரு மாலைப்பொழுதில் பாருங்கள்.

அறிகுறிகள் படிப்படியாக வரும். முதலில் கால் கனக்கும். காலையில் எழும்போது ஒன்றும் இருக்காது. சாயங்காலம் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் தெரியும். கடுப்பும் அரிப்பும் இருக்கும், ராத்திரியில் கெண்டை பிடித்து இழுக்கும். காலைத் தூக்கிவைத்தால் இதமாக இருக்கும். மாலையில் கூடி, படுத்தால் குறைகிற வலி என்பது இந்த நோயைக் கண்டுகொள்ள நல்ல அடையாளம். அடுத்த கட்டம் தோலில் தெரியும். கணுக்காலின் உட்பக்கம் கறுக்கத் தொடங்கும், தடிக்கும், சொறியச் சொறிய நீர் கசியும். சிரையிலிருந்து கசிந்த சிவப்பணுக்களின் இரும்புச்சத்து தோலில் படிவதால் வரும் கறுப்பு அது. கடைசியில் ஒரு சின்னக் கொசுக்கடியோ கட்டில் கால் இடித்த கீறலோ ஆறாத புண்ணாகிவிடும்.

கல்யாண வீடுகளில் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்த என் பெரியம்மாவுக்கு அந்தப் புண் இருந்தது. சர்க்கரை கிடையாது. ஆனாலும் சர்க்கரைப் புண் என்றே எல்லோரும் சொன்னார்கள். மஞ்சள் பற்று, பவுடர், களிம்பு என்று வருடங்கள் போயின. வீட்டுக்கு யாராவது வந்தால் வாடை அடிக்கிறதோ என்று கூச்சப்பட்டு உள்ளறைக்குப் போய்விடுவார். பிறகு ஒரு அறுவை மருத்துவர் புண்ணைவிட்டுக் காலைப் பார்த்தார். பாதத்திலிருந்து முழங்கால்வரை நான்கடுக்கு அழுத்தக் கட்டு போட்டார். சில மாதங்களில் புண் மூடியது. களிம்பால் ஆறாதது அழுத்தத்தால் ஆறியதைப் பார்த்தபோதுதான், நோய் தோலில் இல்லை, தேங்கிய இரத்தத்தில் இருக்கிறது என்பது எங்கள் வீட்டுக்கே புரிந்தது.

ஆகவே கால் கறுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் எந்த வால்வு கெட்டிருக்கிறது என்பது வலியில்லாமல் தெரிந்துவிடும். ஆரம்பத்தில் அழுத்தக் காலுறையும் நடையுமே பலருக்குப் போதும். காலுறையைக் காலையில் வீக்கம் ஏறும் முன்பே மாட்ட வேண்டும். ஆனால் டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கி மாட்டக் கூடாது. புகைபிடிப்பவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் காலுக்கு வரும் தமனியே சுருங்கியிருந்தால் அந்த இறுக்கம் ஆபத்தாகலாம். முற்றிய சிரையை லேசராலோ ரேடியோ அலைச் சூட்டாலோ மூடிவிடுகிறார்கள், சிறியவற்றுக்கு நுரை மருந்து ஊசி போடுகிறார்கள். சிரையை மூடினால் கால் என்னாகும் என்று பயப்படத் தேவையில்லை. காலின் இரத்தத்தில் பெரும்பங்கு ஆழ்சிரைகள் வழியாகத்தான் திரும்புகிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இரத்தநாள அறுவை சிகிச்சைக்கென்றே தனித்துறை உண்டு.

இரண்டு அவசரங்களை மட்டும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். புடைத்த சிரை வெடித்து இரத்தம் பீய்ச்சினால், உடனே படுக்க வைத்துக் காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பயந்து நிற்கவோ நடக்கவோ கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். கூடவே மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

இவையெல்லாம் நோய் வந்தபிறகு. வராமல் பார்த்துக்கொள்வதற்கும் வந்தது முற்றாமலிருப்பதற்கும் வேண்டியதில் ஒன்று மிக மலிவானது: உட்கார அனுமதி. இங்கிலாந்தில் 1899இலேயே, கடையில் வேலை செய்யும் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கையாவது வைக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், நின்று வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 44ஆம் பிரிவில் சொன்னது. அது ஆலைக்கு மட்டும். கடைகளில் வேலை செய்யும் பெண்கள் காத்திருந்தார்கள். கோழிக்கோட்டில் தையல்காரரான பி. விஜியும் அவரோடு சேர்ந்த கடைப் பெண்களும் உட்காரும் உரிமைக்காகப் போராடியதன் பலனாக 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் தன் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. ஒவ்வொரு கடையிலும் ஊழியர்கள் எல்லோருக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது அது.

நான் புடவை வாங்கியது இந்தச் சட்டம் வந்தபிறகுதான். அந்தக் கவுன்ட்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருந்தது. அதன்மேல் புடவைப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். சட்டம் இருக்கை கொடுத்துவிட்டது. உட்கார்ந்தால் சோம்பேறி, வாடிக்கையாளருக்கு மரியாதை இல்லை என்கிற எண்ணத்தை எடுக்க வேண்டியது நாம். ஏனென்றால் நம்முடைய பெயரைச் சொல்லித்தான் அவர்களை நிற்க வைக்கிறார்கள். நம்மில் யாருக்கு, எதிரே ஒரு பெண் உட்கார்ந்து புடவையை விரித்துக் காட்டினால் கௌரவம் குறைந்துபோகும்?

நிற்பவர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. உட்கார முடியாத நேரத்தில் குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். கெண்டைக்கால் சதை ஒவ்வொரு முறையும் இரத்தத்தை மேலே தள்ளும். வீட்டுக்குப் போனதும் தலையணைமேல் காலை நெஞ்சுக்கு மேலாகத் தூக்கிவைத்துக் கொஞ்ச நேரம் படுங்கள்.

வாங்கப் போகிறவர்களே, இந்தத் தீபாவளிக்கு பில் போடும்போது மேனேஜரிடம் ஒன்று கேளுங்கள்: "உங்க ஸ்டாஃபுக்கு ஸ்டூல் எங்கே சார்? ஏன் யாரும் உட்காரவே இல்ல?" ஒருவர் கேட்டால் சிரித்து மழுப்புவார்கள். ஒரு நாளில் ஐம்பது பேர் கேட்டால் பெட்டிகளை இறக்கித்தான் ஆக வேண்டும்.