பணப்பைக்கும் ஓர் எல்லைக்கோடு

கபடிக் களத்திற்கு எல்லைக்கோடு இருப்பதுபோல, அணிகளின் பணப்பைக்கும் எல்லை வேண்டும். அஃது இல்லையேல், செல்வம் மிக்க அணி சிறந்த வீரர் அனைவரையும் வாங்கிவிடும். ஆட்டம் தொடங்குமுன்பே முடிவு தெரிந்துவிடும். அமெரிக்கக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 1984-85 பருவத்திலேயே ஊதிய உச்சவரம்பை வகுத்தது.

புரோ கபடி லீக்கின் 2022ஆம் ஆண்டு ஏலத்தில் ஓர் அணிக்குரிய வரம்பு 4.4 கோடி ரூபாய். தமிழ் தலைவாஸ் அணி அதில் 2.26 கோடியைப் பவன் செராவத் ஒருவருக்கே அளித்தது. முதல் ஆட்டத்திலேயே அவர் காயமுற்று விலகினார். எனினும், குறைந்த ஊதியம் பெற்ற இளைஞர்கள் அணியை முதன்முறையாக அரையிறுதிக்கு உயர்த்தினர்.

வரம்பே அணிகளைப் புதிய திறமை தேடச் செய்கிறது. அத்தேடல் எருமப்பட்டி போன்ற ஊர்களின் மண் களங்களையும் எட்ட வேண்டும். உச்சவரம்பின் சுமை இளையோர்மீது விழாதிருக்க, அவர்தம் அடிப்படை ஊதியமும் உயர வேண்டும். அதுவே முழுமையான நீதி.