கூட்டமே பாடுச்சு பாஸ்!

இன்டெர்னல் முடிஞ்சுதா? அரியர் கவலையை ஓரமா வெச்சுட்டு ஹெட்போனை மாட்டுங்க. இந்த வாரம் நம்ம ஆளு, டானி ஹாத்வே. 'யாருப்பா அது?'ன்னு முழிக்கிறீங்களா? போன மாசம் வரைக்கும் நானும் அப்படித்தான் முழிச்சேன்!

ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் சீனியர் ஒருத்தர், செம கிடாரிஸ்ட். 'இதைக் கேளுடா'ன்னு 1972-ல் வந்த 'லைவ்' ஆல்பத்தைக் கொடுத்தார். அதுல கரோல் கிங் எழுதின 'யூ ஹாவ் காட் எ ஃப்ரெண்ட்' பாட்டு. டானி பியானோவுல ஆரம்பிச்சதுமே கூட்டம் கத்துது. பல்லவி வந்ததும் மொத்தக் கூட்டமும் சேர்ந்து பாடுது. சத்தியமா, புல்லரிச்சுப் போச்சு!

சோல் மியூசிக்னா என்ன? அமெரிக்கக் கறுப்பின மக்களின் சர்ச் பாட்டும், ப்ளூஸும் கலந்து பிறந்த இசை. டானியும் சர்ச்சில் இருந்து வந்தவர்தான். 1945-ல் சிகாகோவில் பிறந்து, செயின்ட் லூயிஸில் பாட்டியிடம் வளர்ந்தார். பாட்டி, சர்ச் பாடகி. பேரன் மூன்று வயதிலேயே மேடை ஏறிவிட்டான். பிறகு ஸ்காலர்ஷிப்பில் வாஷிங்டனின் ஹாவர்ட் யுனிவர்சிட்டி. அங்கே இசை படிக்கும்போதே வாய்ப்புகள் துரத்த, 1967-ல் டிகிரி முடிக்காமலே கிளம்பிவிட்டார்.

அதே ஹாவர்டில் படித்த ரொபர்ட்டா ஃப்ளாக்கோடு சேர்ந்து பாடிய 'வேர் இஸ் த லவ்' 1972-ல் சூப்பர் ஹிட். கிராமி விருதும் கிடைத்தது. பாடுவார், வாசிப்பார், எழுதுவார், மற்றவர்கள் பாட்டுக்கு அரேஞ்ச்மென்ட்டும் செய்வார். ஆல் இன் ஆல்!

ஆனா, அந்த உச்சத்துலதான் அடி விழுந்துச்சு. 1970-களின் தொடக்கத்தில் டாக்டர்கள் சொன்ன பெயர், ஸ்கிஸோஃப்ரினியா. தமிழில் மனச்சிதைவு நோய். யாரோ தனக்குக் கெடுதல் செய்கிறார்கள் என்ற பயம் விடாமல் துரத்தும். ஆஸ்பத்திரி, மாத்திரை என வாழ்க்கை மாறியது. மாத்திரைகளை அவர் தொடர்ந்து எடுத்துக்கொள்ளவில்லை. 1973-க்குப் பிறகு, அவர் உயிரோடு இருந்தவரை தனியாக ஒரு ஸ்டுடியோ ஆல்பம்கூட வரவில்லை.

ஃப்ளாக் அவரை விடவில்லை. 1978-ல் இருவரும் பாடிய 'த க்ளோசர் ஐ கெட் டு யூ' அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது. 'வந்துட்டார்யா!' என்று எல்லோரும் நிமிர்ந்தார்கள். அடுத்த ஆல்பத்துக்கு ரெக்கார்டிங் நடந்தது. 1979 ஜனவரி 13. தன் மூளையை மெஷினோடு இணைத்து இசையைத் திருடுகிறார்கள் என்று டானி பேச ஆரம்பித்ததால், அன்று ரெக்கார்டிங்கை நிறுத்தியதாகத் தயாரிப்பாளர் ஜேம்ஸ் எம்ட்யூமே பிறகு சொன்னார். அன்று இரவே நியூயார்க் ஓட்டலில் டானியின் உயிர் பிரிந்தது. தற்கொலை என்று முடிவானது. வயது 33.

'அந்த வலிதான்டா அவ்ளோ அழகா பாட வெச்சுருக்கு'ன்னு சீனியர்கிட்ட ஃபீலிங்ஸா சொன்னேன். அவர் சிரிக்கலை. 'வருஷத்தை எண்ணிப் பாரு'ன்னார். எண்ணிப் பார்த்தேன். மூணு வயசுல இருந்து பயிற்சி, பாட்டி, காலேஜ்... இசை முதல்லயே வந்தாச்சு. நோய் அப்புறம்தான் வந்துச்சு. வந்து பாட்டைக் கொடுக்கலை பாஸ், இருந்த பாட்டையும் பிடுங்கிட்டுப் போச்சு!

அப்புறம் சீனியர் மெதுவா சொன்னார்... 'நானும் மாத்திரை சாப்பிடுறேன்டா. போன வருஷம் நிறுத்தினா கிடார் இன்னும் நல்லா வரும்னு நினைச்சு நிறுத்தினேன். ஒரு செமஸ்டரே போச்சு. கிடாரைத் தொடக்கூட முடியலை.' எனக்குப் பேச்சு வரலை. பக்கத்து ரூம்தான். ஒரு வருஷமா எனக்குத் தெரியாது!

டானி இறந்தபோது மகள் லேலாவுக்குப் பத்து வயது. அவரும் பாடகிதான். 'லைவ்' ஆல்பத்தில் அப்பா பாடிய 'லிட்டில் கெட்டோ பாய்' பாட்டைத் தானே பாடி, 2016-ல் கிராமி வாங்கினார். அப்பாவிடமிருந்து மகளுக்கு வந்தது அந்தப் பாட்டுதான்.

ஸோ ஃப்ரெண்ட்ஸ், உங்க விங்ல யாராவது ரூமை விட்டே வராம இருக்காங்களா? 'ஜீனியஸ்னா அப்படித்தான் மச்சி'ன்னு தாண்டிப் போகாதீங்க. கதவைத் தட்டுங்க. டாக்டர்கிட்ட கூடவே போங்க. 'நல்லாயிட்டேன்'னு தானா மாத்திரையை நிறுத்த விடாதீங்க. யார்கிட்ட பேசுறதுன்னு தெரியலைன்னா, 14416-க்கு போன் போடுங்க. அரசாங்கத்தோட டெலி மானஸ், ஃப்ரீ.

இன்னிக்கு நைட்டும் சீனியர் கிடார் வாசிச்சார். நான் பல்லவி மட்டும் பாடினேன். சுருதி சேரலை. ஆனா, பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!